கீழ்மலையில ஒன்றரை ஏக்கர், மேடவாக்கத்துல ஒரு ஃபிளாட்: எதுல முதல்ல கை வைக்கிறது?

மேடவாக்கத்துல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர் வேண்டாம், சுருக்கமா சொல்லிடறேன். வயசு 46, ஐ.டி. கம்பெனியில சப்போர்ட் வேலை, மனைவி தனியார் ஸ்கூல்ல டீச்சர், பொண்ணு 8வது படிக்குது, கூடவே 74 வயசு அம்மா, அவங்களுக்கு பிபி, சுகர் ரெண்டும் உண்டு. 2016ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் லோன் போட்டு வாங்கின ஃபிளாட், இன்னும் 14 லட்சம் பாக்கி. டிராஃபிக், தண்ணி லாரி, 2023 மிக்ஜாம் புயல்ல நாலு நாள் மாடியிலயே கிடந்தது எல்லாம் சேர்ந்து மனுஷன் வெறுத்துப் போயிட்டார். கொடைக்கானல் கீழ்மலையில தாண்டிக்குடி பக்கம் ஒரு நண்பரோட தோட்டத்துக்கு 3 நாள் போயிட்டு வந்தவர், அடுத்த மாசமே அங்க ஒரு ஏக்கர் 40 சென்ட் காப்பித் தோட்டம், உள்ள ஓட்டு வீடு, 48 லட்சத்துக்குப் பேசி, 20 ரூபா பத்திரத்துல அக்ரிமெண்ட் எழுதி 3 லட்சம் அட்வான்சும் குடுத்துட்டார். 90 நாள் கெடு, இன்னும் 35 நாள்தான் இருக்கு. ஃபிளாட்டை வித்து இதை வாங்கி, மொத்தக் குடும்பமும் நிரந்தரமா மலைக்குப் போறதுதான் பிளான். விக்கிறது ஒரு பவர் ஏஜென்ட், அதாவது ஓனருக்குப் பதிலா விக்க அதிகாரப் பத்திரம் வாங்கினவர், ஓனர் மதுரையில இருக்கிற 80 தாண்டின பெரியவர், அவர் அப்பா காலத்து நிலமாம். பவர்ல வாங்கலாமா, விவசாயி இல்லாத நான் விவசாய நிலம் வாங்க முடியுமா, வீட்டுக்கு அப்ரூவல் வேணுமா, மனைவி ஒத்துக்கலைன்னா நான் மட்டும் கையெழுத்து போட்டு ஃபிளாட்டை விக்க முடியுமா, இதுதான் அவர் கேள்வி.

தம்பி, உங்க கடைசி கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த மூணையும் விட அதுதான் பெருசு. முடியாது. பத்திரத்துல ரெண்டு பேர் பேர் இருக்கு, அவங்க கையெழுத்து இல்லாம உங்க பங்கை மட்டும்தான் நீங்க எழுதிக் குடுக்க முடியும், பாதி ஃபிளாட்டை எவன் வாங்குவான், அதுவும் பேங்க்ல ஒரிஜினல் பத்திரம் அடமானத்துல இருக்கும்போது. ஆனா இது கையெழுத்துக் கணக்கு மட்டும் இல்ல. கடிதத்துல நாலு இடத்துல "அவ இன்னும் யோசிக்கிறா"ன்னு எழுதியிருக்கீங்க, ஒரு இடத்துலகூட அவங்க என்ன யோசிக்கிறாங்கன்னு எழுதலை. அவங்க வேலையை விடணும், பொண்ணு ரெண்டு வருஷத்துல பத்தாவது எழுதணும், மாமியாருக்கு ராத்திரி 2 மணிக்கு மூச்சு வாங்கினா வண்டி எடுக்கப்போறது யாருன்னு அவங்களுக்குத் தெரியும். நான் நிலக்கோட்டை, கொடைக்கானல் கோர்ட்டுல 20 வருஷத்துக்கு மேல சிவில் கேஸ் நடத்தறவன், சென்னைல இருந்து, பெங்களூர்ல இருந்து இடம் வாங்கி வந்தவங்க திரும்பி இறங்கிப் போனதை நிறைய பாத்திருக்கேன், அதுல பாதிக்கு மேல பத்திரத்துல கோளாறு இல்லை, வீட்டுக்குள்ளதான் கோளாறு.

சரி, இப்போ சட்டத்துக்கு வரேன்.

விவசாயியா இருக்கணுமா?

வேண்டாம். தமிழ்நாட்டுல யார் வேணா விவசாய நிலம் வாங்கலாம். விவசாயி மட்டும்தான் வாங்க முடியும்னு உங்க ஆபீஸ் நண்பர் சொன்னதா எழுதியிருக்கீங்க, அது கர்நாடகா கதை, அங்கயே அந்தக் கட்டுப்பாட்டை 2020ல எடுத்துட்டாங்க. ஹிமாச்சல்ல அந்த மாதிரி கட்டுப்பாடு 118வது பிரிவுன்னு இன்னும் இருக்கு, நமக்கு அது இல்ல. நில உச்சவரம்பு 5 பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வாங்கற உங்களுக்கு அந்தக் கவலையும் இல்ல.

பவர் ஏஜென்ட், பெரியவர், அப்புறம் அவரோட தங்கச்சிங்க

பவர்ல வாங்கினாலே செல்லாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சேன்னு கேட்டிருக்கீங்க. அது அப்படி இல்ல. கிரயப் பத்திரமே பதியாம, வெறும் பொது அதிகாரப் பத்திரமும் அக்ரிமெண்ட்டும் வாங்கிக்கிட்டு "இனி இது என் சொத்து"ன்னு சொல்றதைத்தான் செல்லாதுன்னாங்க. உயிரோட இருக்கிற ஓனர் முறையா பதிஞ்சு குடுத்த பவரை வச்சு ஏஜென்ட் கிரயம் எழுதிக் குடுத்தா அது செல்லும். பாக்க வேண்டியது என்னன்னா, அந்தப் பவர் பதிவு ஆனதா, அதுல விக்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் தெளிவா எழுதியிருக்கா, நடுவுல ரத்து பண்ணியிருக்காங்களா, எல்லாத்துக்கும் மேல பெரியவர் இன்னைக்கு உயிரோட இருக்காரா. அவர் கண்ணை மூடின நிமிஷம் பொதுவா அந்தப் பவர் காலி. பதிவு ஆபீஸ்ல ஆயுள் சான்று கேப்பாங்கதான், ஆனா நீங்க பேப்பரை நம்பாம மதுரைக்கு பஸ் ஏறிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க. சும்மா சொல்லலை, அந்தக் காப்பியிலதான் பாதி உண்மை வெளிய வரும்.

ஏன்னா நிலம் அவர் அப்பா காலத்துதுன்னு எழுதியிருக்கீங்க, பெரியவருக்கு 3 தங்கச்சிங்கன்னும் போற போக்குல எழுதிட்டீங்க. "பட்டா அவர் பேர்லதான் இருக்கு, அதனால பிரச்சனை இல்ல"ன்னு புரோக்கர் சொன்னாராம். இங்கதான் பல பேர் சறுக்கறாங்க. பட்டா வருவாய்த்துறை கணக்கு, அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. 1980கள்ல நிலக் கணக்கைப் புதுப்பிக்க யு.டி.ஆர். சர்வே நடந்தப்போ வீட்டுல மூத்த ஆம்பளை யாரோ அவர் பேரை எழுதிட்டுப் போனது மலையிலயும் நடந்திருக்கு, கீழயும் நடந்திருக்கு. அப்பா சுயமா சம்பாதிச்ச நிலமா இருந்து, 1956க்கு அப்புறம் உயில் எழுதாம இறந்திருந்தா, இந்து வாரிசுச் சட்டப்படி பொண்ணுங்களுக்கும் பையனுக்கும் சம பங்கு. பூர்வீகமா இருந்தா கணக்கு வேற மாதிரி போகும், ஆனா அப்பவும் தங்கச்சிங்க பங்கு ஏதோ ஒரு அளவுல நிக்கும். அப்பா பேர்ல இருந்து இவர் பேருக்கு எந்தப் பத்திரம் வழியா வந்ததுன்னு தாய்ப்பத்திரம் கேளுங்க, பாகப்பிரிவினையோ, தங்கச்சிங்க தங்க பங்கை விட்டுக்குடுத்த விடுதலைப் பத்திரமோ பதிஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா 3 தங்கச்சிங்களும், யாராவது இறந்திருந்தா அவங்க வாரிசுங்களும் கிரயத்துல கையெழுத்து போடணும். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு எடுத்தா போதும்னு சொல்வாங்க, மலை நிலத்துக்கு பத்தாது, எவ்வளவு பழசுக்குக் கிடைக்குதோ அவ்வளவுக்கும் போடுங்க.

அதோட அ-பதிவேடு, அதாவது ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு சொல்ற வருவாய்த்துறைக் கணக்கு. தாலுகா ஆபீஸ்ல நகல் வாங்கி அந்த சர்வே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு உங்க கண்ணால படிங்க. அரசு ஒப்படை, நிபந்தனைன்னு ஏதாவது இருந்தா, இல்ல பழங்குடி மக்களுக்கோ ஆதிதிராவிடர்களுக்கோ அரசு குடுத்த நிலமா இருந்தா, நடுவுல எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பேர் பதிஞ்சிருந்தாலும், ஒருநாள் அதை ரத்து பண்ணி அரசு திரும்ப எடுத்துக்க முடியும். நீங்க நல்ல எண்ணத்துல காசு குடுத்து வாங்கினேன்னு சொல்றதை அங்க கேக்க மாட்டாங்க. உண்மையில அந்த நிலம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியதுன்னு யோசிச்சா, கேக்காததும் நியாயம்தான்.

வழியும் தண்ணியும்

இதைப் பத்தி நீங்க கேக்கவே இல்லை. "பக்கத்துத் தோட்டக்காரர் நல்லவர், வழி விடறார்"னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. என் பீரோவுல இருக்கிற மலைக் கேஸ் கட்டுங்களைப் பிரிச்சா பெரும்பாலானது இந்த ஒரு வரியில இருந்து வந்ததுதான்.

ஒரு சம்பவம் சொல்றேன், அடையாளம் தெரியாத அளவுக்கு. கீழ்மலையில உங்களை மாதிரியே ஒரு குடும்பம், பத்திரம் எல்லாம் சுத்தம், நானே பாத்தேன். வாங்கி ரெண்டாவது வருஷம் பக்கத்துத் தோட்டம் கை மாறுச்சு. ஒருநாள் காலைல இவங்க ஜீப்பை எடுத்தா, ரெண்டு கல்தூணுக்கு நடுவுல புதுசா ஒரு இரும்பு கேட், அதுல சங்கிலி, பூட்டு. நடந்து போகலாம், வண்டி போகாது. பறிச்ச காப்பி மூட்டையை தலைச்சுமையா அரை கிலோமீட்டர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வரணும். நான் போய்ப் பாத்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சுது, இவங்க வீட்டுக்குத் தண்ணி வர்ற கறுப்பு ஓஸ் மேல ஊத்துல இருந்து மூணு பேர் தோட்டம் வழியா வருது, அதையும் அறுத்து விட்டிருந்தாங்க, அறுத்த முனையில இருந்து தண்ணி காப்பிச் செடிக்கு நடுவுல சளசளன்னு ஓடிக்கிட்டிருக்கு, கீழ வீட்டுல குடிக்க ஒரு குடம் இல்ல. கேஸ் போட்டு இடைக்காலத் தடை வாங்கினோம், சரி, ஆனா பூட்டு திறக்க 7 மாசம் ஆச்சு, அதுக்குள்ள அந்த வீட்டம்மா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கோயம்புத்தூர் போயிட்டாங்க.

அதனால கேளுங்க. விக்கிறவரோட பழைய பத்திரத்துல "மாமூல் வழிநடை பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், தண்ணீர் பாத்தியம்"னு வார்த்தை இருக்கா (பாத்தியம்னா உரிமை), இருந்தா எந்த சர்வே நம்பர் வழியா, எத்தனை அடி அகலம்? வழிநடை வேற, வண்டிப்பாதை வேற, நடக்க உரிமை இருக்குங்கறதுக்காக ஜீப் ஓட்ட உரிமை வந்துடாது. எஃப்.எம்.பி.ங்கற நில அளவைப் படத்துல பாதை கோடு போட்டிருக்கா? இல்லைன்னா பக்கத்துத் தோட்டக்காரர் உண்மையிலயே நல்லவரா இருந்தா கிரயத்துக்கு முன்னாடியே பாதை உரிமையை எழுதிப் பதிஞ்சு குடுக்கட்டும், அதுக்கு ஒரு தொகை கேட்டாலும் குடுங்க, அது செலவே இல்ல. எழுதலைன்னா 1882 ஈஸ்மெண்ட் சட்டப்படி 20 வருஷம் தடையில்லாம, உரிமையா அனுபவிச்சதை நிரூபிக்கணும். அவர் தயவுல விட்டதுன்னு ஒரு வார்த்தை சாட்சியத்துல வந்துட்டா உங்க கேஸ் நொண்டி அடிக்கும். வேற வழியே இல்லாத நிலத்துக்கு அவசியப் பாத்தியம்னு ஒண்ணு உண்டு, ஆனா ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒரே கையில இருந்து பிரிஞ்சதுன்னு காட்டணும்.

தண்ணி இல்லைன்னா போர் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. கொடைக்கானல் தாலுகாவுல போர் ரிக், ஜேசிபி எல்லாம் நினைச்சவுடனே ஏத்த முடியாது, அனுமதி இல்லாம ஏத்தினா வண்டியையே பிடிச்சு வச்சுக்குவாங்க.

வீட்டு வரி ரசீது அப்ரூவல் ஆகாது

ஓட்டு வீட்டுக்கு ஈ.பி. கனெக்‌ஷன் இருக்கு, பஞ்சாயத்து வரி கட்டின ரசீது இருக்கு, அதனால அனுமதி பெற்ற வீடுன்னு எழுதியிருக்கீங்க. வரி ரசீது வரி கட்டினதுக்குத்தான் சாட்சி, தம்பி. ஈ.பி. கார்டு கரண்ட் எரிஞ்சதுக்கு. மலைக்கிராமங்கள்ல கட்டறதைக் கட்டுப்படுத்தத்தான் 1990ல மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்னு அமைச்சாங்க, ஹாக்கான்னு சொல்வாங்க, அந்தக் கிராமம் அதோட பட்டியல்ல இருந்தா விவசாய நிலத்துல வீடு கட்டறதுக்கு, பெருசாக்கறதுக்கு எல்லாம் ஊர்த் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. "ரெண்டு ரூம் சேர்த்துக் கட்டி ஹோம்ஸ்டே விடலாம், மாசம் 40 ஆயிரம் வரும்"னு ஒரு கணக்கு போட்டிருக்கீங்க பாருங்க, அதை அடிச்சுடுங்க. 2019ல கொடைக்கானல் டவுன்லயே ஹைகோர்ட் உத்தரவுல விதிமீறின கட்டடத்துக்கு வரிசையா சீல் வச்சாங்க, அதுல லட்ச லட்சமா போட்டவங்க இன்னும் அலையறாங்க.

மரமும் அப்படித்தான். "என் தோட்டத்து மரம்"கற பேச்சு மலையில எடுபடாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ல இருந்து இருக்கு, வெட்டறதுக்கு முன்னாடி அனுமதி. காட்டை ஒட்டின இடமா இருந்தா சோலார் மின்வேலிக்கும் 2023 விதிப்படி வனத்துறைகிட்ட போகணும். வேலி போட்டா காட்டுமாடு நின்னுடும்னு நினைச்சீங்கன்னா அது வேற விஷயம், பலாப்பழ சீசன்ல யானை வர்ற பாதையில தோட்டம் இருக்கான்னு அங்க வேலை பாக்கற பொம்பளைங்ககிட்ட கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

பணக் கணக்குல ஒரு ஓட்டை

ஃபிளாட் 62 லட்சம் போகும், லோன் போக 48, அப்படியே தோட்டத்துக்குப் போட்டா வரியும் கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அது எங்க? வீடு வித்த லாபத்துக்கு வரிவிலக்கு வேணும்னா அந்த லாபம் இன்னொரு குடியிருப்பு வீட்டுக்குள்ள போகணும், வாங்கறதா இருந்தா 2 வருஷத்துக்குள்ள, கட்டறதா இருந்தா 3 வருஷத்துக்குள்ள. நீங்க வாங்கறது காப்பி நிலம், நடுவுல ஒரு ஓட்டு வீடு. 48 லட்சமும் வீட்டுக்குக் குடுத்ததுன்னு அதிகாரி ஏத்துக்க மாட்டார். ஆடிட்டரைப் பாருங்க. காப்பி வருஷத்துல ஒரு தடவைதான் காசு பாக்கும், அதுவும் பறிக்க ஆள் கிடைச்சா. சம்பளம்தான் உங்க உண்மையான வருமானம், அந்த சம்பளம், மலையில இருந்தே வேலை பாக்கலாம்னு மேனேஜர் வாய்ல சொன்ன ஒரு வார்த்தையில தொங்குது. ஹெச்.ஆர். கிட்ட இருந்து மெயில் வாங்குங்க. அந்த வீட்டுல நெட் எப்படின்னு மழைநாள்ல போய்ப் பாருங்க, வெயில்நாள்ல எல்லா டவரும் நல்லாத்தான் எடுக்கும்.

அப்போ போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல நான் யாரு, நானே அடிவாரத்துல உக்காந்துக்கிட்டு மேல போகத்தான் ஏங்கறேன். பெரும்பாறை தாண்டினதும் முகத்துல அடிக்கிற காத்தும் காப்பிப்பூ வாசமும் எனக்கும் தெரியும். ஃபிளாட்டை விக்காதீங்க, அவ்வளவுதான். வாடகைக்கு விடுங்க, இ.எம்.ஐ.க்கு ஒத்தாசை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு, பொண்ணுக்கு முழுப்பரிட்சை முடிஞ்ச கையோட போங்க, ஒரு ஐப்பசி கார்த்திகையை அங்க தாண்டுங்க. நீங்க பாத்தது ஏப்ரல் மாசத்து 3 நாள். வடகிழக்குப் பருவமழையில விடாம மழை பேஞ்சு, துணி காயாம, கரண்ட் போய், ரோட்டுல மரம் விழுந்து கிடக்கிற நாள்தான் அந்த ஊரோட இன்னொரு முகம். 2018 நவம்பர்ல வேதாரண்யத்துல கரையேறின கஜா கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரத்தைச் சாய்ச்சுட்டுப் போச்சு.

அம்மா விஷயம் அந்த வருஷத்துலயே தெரிஞ்சுடும். ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, அதுக்கு மேலன்னா வத்தலக்குண்டு ஜி.எச்.சுக்கு இறங்கணும், இன்னும் பெருசுன்னா திண்டுக்கல், தேனி மெடிக்கல் காலேஜ், இல்ல மதுரை. கொண்டை ஊசி வளைவுல மாரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கற பயணம் அது. அம்மாவைக் கேட்டீங்களா? கடிதத்துல அவங்க என்ன சொன்னாங்கன்னும் இல்லை.

இந்த 35 நாள்ல என்ன செய்யறது

அட்வான்ஸ் போயிடும்கற பயத்துலதான் நீங்க அவசரப்படறீங்க, அந்த பயத்தைத்தான் புரோக்கர் தினமும் ஊதி விடறார். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய அக்ரிமெண்ட்டைப் பதியணும்னு சட்டம், நீங்க பதியலை, அது தப்புதான். ஆனா உங்க அக்ரிமெண்ட் வெறும் குப்பைன்னும் நினைக்க வேண்டாம், கிரயம் முடிச்சுத் தரச் சொல்லிப் போடற கேஸ்ல அதை சாட்சியமா ஏத்துக்கலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 90 நாள் முடிஞ்ச அன்னைக்கே எல்லாம் போச்சுன்னும் இல்ல. ஆனா நீங்க சும்மா இருந்து கெடு தாண்டினா தப்பு உங்க மேல நிக்கும், "வாங்கறவர் தவறினா அட்வான்ஸ் திரும்ப இல்லை"ங்கற வரியை அவங்க காட்டுவாங்க. அதனால கெடு முடியறதுக்கு முன்னாடி, இந்த வாரமே, ஒரு வக்கீல் மூலமா நோட்டீஸ் அனுப்புங்க: தாய்ப்பத்திரம், தங்கச்சிங்க விடுதலைப் பத்திரம், அ-பதிவேடு நகல், பாதைக்கான ஆவணம், வீட்டு அனுமதி, பவர் குடுத்தவரோட ஆயுள் சான்று இத்தனையும் 15 நாள்ல காட்டுங்க, உரிமை தெளிவா இருந்தா கிரயத்துக்கு நான் தயார், காட்ட முடியலைன்னா 3 லட்சத்தைத் திருப்பிக் குடுங்க. ஓனருக்கு ஒண்ணு, ஏஜென்ட்டுக்கு ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட்ல, ஒப்புகையோட. உரிமையைக் காட்ட முடியாதது அவங்க பக்கத்துத் தவறுன்னு பேப்பர்ல ஏறிடும், அட்வான்சைத் திருப்பிக் கேக்க உங்களுக்குக் கை இருக்கும். எல்லாத்தையும் காட்டிட்டாங்கன்னா அவகாசத்தை ஒரு வருஷம் நீட்டிக் கேளுங்க, இந்தத் தடவை பதிஞ்சு. ஒத்துக்கலைன்னா அட்வான்ஸ்ல ஒரு பகுதி போனாலும் போகட்டும்னு மனசைத் தேத்திக்கங்க, 48 லட்சத்தோட ஒப்பிட்டா அது சின்னது.

நோட்டீசை அனுப்பறதுக்கு முன்னாடி மனைவிகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவங்க வேற ஏதாவது கேக்கச் சொன்னா அதையும் சேருங்க. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே புரோக்கர் போன் பண்ணுவார், மெட்ராஸ்ல இருந்து வேற பார்ட்டி ரெடியா நிக்குது, ரெண்டு லட்சம் கூடவே தரேங்குதுன்னு சொல்வார். "அ-பதிவேடு நகலை வாட்ஸ்அப்புல போட்டு விடுங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சுடுங்க.